காலத்தின் மீது யாருக்கு ஆட்சி? எண்மப் பதிவுப் பெட்டியும் கொல்லிமலை வீட்டுத் தொலைக்காட்சியும்

ஆய்வுச் சுருக்கம்

எண்மப் பதிவுப் பெட்டி பார்வையாளரை ஒளிபரப்பு நேரத்திலிருந்து விடுவிக்கிறது என்னும் கருத்து ஊடக ஆய்வுகளில் பரவலாக வழங்குகிறது. அக்கருத்தைக் கொல்லிமலை வீட்டுச் சூழலில் வைத்து இக்கட்டுரை மதிப்பிடுகிறது. நிலையான ஒளிபரப்பு நேரம் வீட்டுப் பெண்களுக்கு ஓர் உரிமையாகவும் அமைந்திருந்தது என்பதும், பதிவு வசதி அவ்வுரிமையைத் தளர்த்தக்கூடும் என்பதும் இதன் வாதமாகும்.

திறவுச்சொற்கள்: எண்மப் பதிவுப் பெட்டி, நெடுந்தொடர், ஓய்வு நேரம், வீட்டு உழைப்பு, கொல்லிமலை.

முன்னுரை

ஒளிபரப்பைப் பதிவு செய்து பின்னர்க் காண்பது புதிய வழக்கமன்று. சோனி நிறுவனத்தின் பீட்டாமேக்ஸ் ஒளிநாடாக் கருவி 1975-இல் வெளிவந்தது. பின்னர்க் காண்பதற்காக வீட்டில் பதிவு செய்வது பதிப்புரிமை மீறலாகாது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984-இல் தீர்ப்பளித்தது. 1999-இல் அந்நாட்டில் அறிமுகமான டிவோ, ரீப்ளே டிவி ஆகியவை நாடாவை நீக்கி வன்தட்டைக் கையாண்டன. இதனால் ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியை நிறுத்தி வைக்கவும், பதிவு முடியுமுன்பே தொடக்கத்திலிருந்து காணவும் இயன்றது. இந்தியாவில் இவ்வசதியுடன் டாட்டா ஸ்கை பிளஸ் 2008-இல் விற்பனைக்கு வந்தது.

தொலைக்காட்சியைத் தனித்தனி நிகழ்ச்சிகளின் தொகுப்பாகக் கொள்ளாமல் இடையறாத ‘ஓட்டம்’ எனக் கண்டவர் ரேமண்ட் வில்லியம்ஸ் (1974). அவ்வோட்டத்தைப் பதிவுப் பெட்டி அறுத்து, காலத்தின் மீதான ஆட்சியைப் பார்வையாளரிடம் ஒப்படைத்தது என்பது பின்வந்தோர் பலரின் துணிபு. இத்துணிபில் ‘பார்வையாளர்’ என்பவர் தனிமனிதர். அவருக்கு ஓய்வு நேரம் எங்கோ ஒதுங்கிக் கிடக்கிறது. நிகழ்ச்சியை அங்கே நகர்த்தினால் போதும். தமிழ் வீட்டுக்கு இவ்வெடுகோள் பொருந்துமா என்பதே நம் வினா.

அட்டவணை எனும் உரிமை

டிவோ வெளிவந்த அதே 1999-ஆம் ஆண்டின் இறுதியில்தான் சன் தொலைக்காட்சியில் ‘சித்தி’ நெடுந்தொடர் தொடங்கியது. அங்கே அட்டவணை கரையத் தொடங்கிய காலத்தில், இங்கே அட்டவணை வீட்டுக்குள் வேரூன்றிக்கொண்டிருந்தது. ‘மெட்டி ஒலி’ போன்ற தொடர்கள் இரவுச் சமையலின் நேரத்தையும் உறங்கும் நேரத்தையும் மாற்றியமைத்தன. இதனைத் தொடர்களுக்கு அடிமையாதல் என்று கண்டித்தவர் பலர். ஆயின் அதன் மறுபக்கம் போதிய கவனம் பெறவில்லை. ‘என் நாடகம் தொடங்கிவிட்டது’ என்று ஒரு பெண் சொல்லும்போது அந்த அரைமணி நேரம் அவளுடையது என்பதை வீடு ஏற்றுக்கொள்கிறது. அந்நேரத்தை அவள் எவரிடமும் கேட்டுப் பெறவில்லை. வெளியிலிருக்கும் ஒளிபரப்பு நிறுவனம் அதை விதித்துவிட்டது. அவ்விதியின் பின்னே நின்றே அவள் அமர்ந்தாள்.

கொல்லிமலைச் சூழல்

நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏற வேண்டும். பழங்குடியினரான மலையாளிகளின் சிற்றூர்கள் பள்ளத்தாக்குகளில் சிதறிக் கிடக்கின்றன. 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் ஏழை வீடுகளுக்கும் பெட்டியைக் கொண்டுசேர்த்தது. கம்பிவடம் எட்டுவதற்கு அரிய இடங்களில் கூரைமேல் டிஷ் ஏறியது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் செயற்கைக்கோள் அலை தளர்ந்து படம் உறைகிறது. வரும் அலையைத்தான் பெட்டி பதிவு செய்கிறது. எனவே மழை விழுங்கிய காட்சியை அதனாலும் மீட்டுத்தர இயலாது.

செம்மேட்டுக்கு அருகிலுள்ள என் அத்தை வீட்டில் பதிவு வசதியுள்ள பெட்டி ஒன்று இருந்தது. தை, மாசியில் மிளகு பறித்துத் திரும்பும் அத்தைக்கு இரவு நெடுந்தொடர் ஒன்றே பொழுதுபோக்கு. பெட்டி வருவதற்கு முன்பு, கிரிக்கெட் நடக்கும் நாள்களிலும் மாமா முணுமுணுத்தபடியே அந்த அரைமணி நேரத்தை விட்டுக்கொடுப்பார். பெட்டி வந்தபின், “அதான் பதிவாகுதே, அப்புறம் பாத்துக்க” என்பது வழக்கமாயிற்று. அந்த ‘அப்புறம்’ பெரும்பாலும் வரவில்லை. காணாத பகுதிகள் பட்டியலில் பெருகின; இடம் நிறைந்தபோது, போட்டியொன்றைப் பதிவு செய்வதற்காக அவை அழிக்கப்பட்டன. ஒரு வீட்டின் காட்சியைப் பொதுவிதியாக்க இயலாது. ஆயினும் கோட்பாட்டின் விடுபடலை அது காட்டித்தருகிறது: ஓர் அலைவரிசையைப் பார்த்துக்கொண்டே மற்றொன்றைப் பதிவு செய்யப் பெட்டிக்கு இயலும், திரை ஒன்றுதான், அத்தையின் கைகளும் இரண்டுதான்.

விளம்பர இடைவேளை

மேலைநாடுகளில் இப்பெட்டி குறித்த விவாதம் விளம்பரங்களைத் தாண்டிச் செல்லும் வசதியையும் அதனால் நேரும் வருவாய் இழப்பையும் பெரிதும் சுற்றிவந்தது. நம் வீடுகளில் விளம்பர இடைவேளைக்கு வேறொரு பயன் உண்டு. உலை பார்ப்பதும், குழந்தைக்குச் சோறிடுவதும் அவ்விடைவெளிகளில்தான். தொடரும் அடுப்பும் மாறிமாறி இயங்கும் தாளம் அது. விளம்பரத்தை நேரவிரயமாக மட்டும் கொள்ளும் ஆய்வு இவ்வுழைப்பைக் காணத் தவறுகிறது.

மறுப்பும் விடையும்

பதிவுப் பெட்டியால் பெண்களுக்குப் பயனே இல்லை என்பது இதன் பொருளன்று. இரவுப் பணி செய்யும் செவிலியருக்கு அது உண்மையான விடுதலை. வாசலில் ஆள் வந்தால் காட்சியை நிறுத்திவைக்க முடிவதும் எளிய உதவியன்று. ஆனால் இப்பயன், தனக்கென நேரம் ஒதுக்கிக்கொள்ள முடிந்தவருக்கே முழுமையாகக் கிட்டும். இத்தகைய பெட்டி தமிழ் வீடுகளில் பரவலாகவில்லையே எனவும் வினவலாம். பெட்டி பரவாவிடினும் அதன் கொள்கை பரவிவிட்டது. இன்று தொடர்கள் கைப்பேசிச் செயலிகளில் எப்போதும் கிடைக்கின்றன. எப்போதும் கிடைப்பதை எப்போது வேண்டுமானாலும் தள்ளிப்போடலாம். அந்தக் கைப்பேசியும் மாலையில் யார் கையில் இருக்கிறது என்பது தனியே ஆராயத்தக்கது.

முடிவுரை

நிகழ்ச்சியின் நேரத்தை மாற்றுவது வேறு. வீட்டின் நேரப் பங்கீட்டை மாற்றுவது வேறு. பதிவுப் பெட்டி முதலாவதைச் செய்தது. இரண்டாவது மாறாத வீட்டில், வலியவரின் விருப்பம் நேரலையாகவும் எளியவரின் விருப்பம் பதிவாகவும் ஆகிறது. எனவே தமிழ் ஊடக ஆய்வுகள், நிகழ்ச்சி எப்போது பார்க்கப்பட்டது என்பதோடு, யாருடைய பார்வை தள்ளிப்போடப்பட்டது, பதிவானவற்றுள் காணப்படாமலே அழிந்தவை எவை என்பவற்றையும் கேட்டல் வேண்டும். காணாமலே அழிக்கப்பட்ட அப்பட்டியலும் நமக்கு ஓர் ஆய்வுச் சான்றே.