அலையெல்லையும் உள்ளூர்த்தன்மையும்: இணையவழி ஒலிபரப்புக் காலத்தில் கோவை வானொலி

முன்னுரை

தமிழகத்தில் சென்னை (1938), திருச்சிராப்பள்ளி (1939) நிலையங்கள் அமைந்து கால் நூற்றாண்டுக்கும் மேலான பின்னர், 1966-ஆம் ஆண்டில் கோயம்புத்தூர் வானொலி நிலையம் தொடங்கப்பட்டது. 999 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலைவரிசையால் அறியப்பட்ட இந்நிலையத்தை இன்று பிரசார் பாரதியின் நியூஸ் ஆன் ஏர் செயலி வழியாக உலகின் எப்பகுதியிலிருந்தும் கேட்க இயலும். இம்மாற்றம் குறித்து இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. இணையம் வட்டார நிலையங்களை அழித்துவிடும் என்பது ஒன்று. அவற்றுக்கு உலகளாவிய நேயர்களைத் தேடித்தரும் என்பது மற்றொன்று. இரண்டுமே நிலையம் சென்றடையும் தொலைவை மட்டும் கருத்திற்கொள்கின்றன. ஒரு நிலையத்தின் உள்ளூர்த்தன்மை, அது எவ்வளவு தொலைவு கேட்கிறது என்பதைவிட, யாரை நோக்கிப் பேசக் கடமைப்பட்டிருக்கிறது என்பதிலேயே தங்கியுள்ளது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

எல்லை உருவாக்கிய கடமை

அலைவழி ஒலிபரப்பில் பரப்பியின் ஆற்றலும் நில அமைப்பும் நிலையத்தின் எல்லையை வகுத்தன. இவ்வெல்லை ஒரு குறையாகவே பொதுவாகப் பேசப்படுகிறது. எனினும் அக்குறையே நிகழ்ச்சித் தயாரிப்பாளருக்கு ஒரு கடமையை விதித்தது. தஞ்சை உழவர் தம் முதன்மை நேயர் அல்லர் என்பதால், கோவை நிலையம் கொங்கு உழவரை நோக்கியே பேச வேண்டியிருந்தது.

இக்கடமையின் பயனை நிலவியல் தெளிவாக்குகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று பொள்ளாச்சிப் பகுதிக்கு வந்து சேர்கிறது. காவிரிப் படுகையோ வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் எதிர்நோக்குகிறது. இரு பகுதிகளுக்கும் உழவுக் காலம் வேறு, பயிர் வேறு, நோய் வேறு. தென்னையைத் தாக்கும் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு பொள்ளாச்சிப் பகுதியில்தான் முதலில் கண்டறியப்பட்டது. அவ்வேளையில் தேவைப்பட்ட அறிவுரை மாநிலம் முழுமைக்குமான பொது அறிவுரை அன்று. குறிப்பிட்ட தோப்புகளுக்குக் குறிப்பிட்ட வாரத்தில் சென்று சேர வேண்டிய அறிவுரை. 1960-களில் ஏடிடீ 27 நெல் வகை தஞ்சைப் பகுதியில் ‘வானொலி நெல்’ என்றே பெயர் பெற்றமைக்குத் திருச்சி நிலையம் தன் வட்டார உழவரை நோக்கிப் பேசியமையே காரணம் எனலாம்.

இணையம் ஈட்டிய நன்மை

இணையத்தின் மீது மட்டும் பழி சுமத்துவது பொருந்தாது. கைப்பேசிகளில் மத்திய அலையை ஏற்கும் வசதி இல்லை. பண்பலை வசதியும் பல கைப்பேசிகளிலிருந்து நீங்கியதால், 2023 ஏப்ரலில் மத்திய அரசே அதனைச் செயற்படுத்துமாறு உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்த நேர்ந்தது. வானொலிப் பெட்டி வீட்டிலிருந்து மறைந்த நிலையில், 2016-க்குப் பின் மலிந்த இணையத் தரவு கோவை நிலையத்தை இளைய நேயரின் கைக்கு மீண்டும் கொண்டுவந்தது. பிழைப்புக்காக வெளியூர் சென்றோர் தம் வட்டாரப் பேச்சின் ‘ங்க’ ஒலியைத் தொலைவிலிருந்தும் கேட்க முடிகிறது. இவ்வகையில் இணையம் நிலையத்தின் பகையன்று, துணையே.

உள்ளூர்த்தன்மை இழக்கப்படும் இடம்

இழப்பு வேறு இடத்தில் நிகழ்கிறது. செயலியில் கோவை நிலையம் 200-க்கும் மேற்பட்ட ஒலியோடைகளுள் ஒன்று. அங்கு எல்லா நிலையங்களும் நேயருக்குச் சம தொலைவில் உள்ளன. பக்கத்து நிலையம் என்னும் இயல்பான உரிமை மறைந்து, தெரிவு செய்யப்பட வேண்டிய பொருளாக நிலையம் மாறுகிறது. மேலும், செயலி தன்னைத் திறந்தோரை எண்ணும். களத்துமேட்டில் பெட்டியை வைத்துக் கேட்பவரை எண்ணாது. எண்ணப்பட்டோரே நேயர் எனக் கொள்ளப்படும்போது எண்ணப்படாதோர் திட்டமிடலிலிருந்து விலகிப் போவர்.

நிகழ்ச்சிகளைப் பொதுமையாக்கும் போக்கு இணையத்தால் தொடங்கியதன்று. தனியார் பண்பலை நிறுவனங்கள் தம் நிலையங்களிடையே நாடு முழுவதும் நிகழ்ச்சிகளைப் பகிர்ந்துகொள்ள 2011-ஆம் ஆண்டின் மூன்றாம் கட்டக் கொள்கை இசைவளித்தது. அப்போது தரவு மலிந்திருக்கவில்லை. செலவுக் குறைப்பே அதன் உந்துவிசை. இணையம் அப்போக்கிற்கு ஒரு நியாயத்தைப் பின்னர் வழங்கியது. இங்கிலாந்தில் 39 உள்ளூர் வானொலிகளை நடத்தும் பிபிசி, வார நாள்களில் பிற்பகல் 2 மணிக்குப் பின் நிலையங்கள் நிகழ்ச்சிகளைப் பகிர்ந்துகொள்ளும் என 2022-இல் அறிவித்தபோது, வளங்களை இணையச் சேவைக்குத் திருப்புவதையே காரணமாகக் காட்டியது. நிலையங்கள் மூடப்படவில்லை, அவற்றின் சொந்த நேரமே சுருங்கியது.

இவ்வேறுபாடு இந்தியச் சூழலுக்கும் இன்றியமையாதது. எந்த வானொலி நிலையமும் மூடப்படவில்லை, தரம் குறைக்கப்படவில்லை எனப் பிரசார் பாரதி 2021 ஜனவரி 13 அன்று விளக்கமளித்தது. அவ்விளக்கம் இணைய ஒலியோடைகளையும் சுட்டிக்காட்டியது. ஆயின் ‘மூடப்பட்டதா?’ என்னும் வினா மட்டும் போதுமானதன்று. நிலையம் திறந்தே இருக்க, அதன் நேரம் அஞ்சல் நிகழ்ச்சிகளால் நிரப்பப்படவும் கூடும். ஒரு நாளில் எத்தனை மணிநேரம் தன் வட்டாரத்திற்கெனத் தானே தயாரித்து ஒலிபரப்புகிறது என்பதே நிலையத்தின் உயிர்ப்பை அளக்கும் சரியான அளவுகோல்.

முடிவுரை

இணையம் ஒலிபரப்பின் எல்லையை நீக்கியது. எல்லையோடு வந்த கடமையை அது தானாகக் காக்காது. முன்பு பரப்பியின் இயல்பே விதித்த கடமையை இனிக் கொள்கைதான் விதிக்க வேண்டும். செயலியில் கோவை நிலையம் இடம்பெற்றுள்ளது என்பது பாதி விடை மட்டுமே. அங்கு ஒலிப்பது பொள்ளாச்சித் தோப்புக்கும் ஈரோட்டு மஞ்சள் வயலுக்கும் உரிய பேச்சாக இருந்தால் மட்டுமே, உலகெங்கும் கேட்கும் அந்நிலையம் கொங்கு நாட்டின் நிலையமாகவும் நீடிக்கும்.