போனுக்குள் ஒரு விசிட்டிங் கார்டு

கோவை கொடிசியா அரங்கில் கண்காட்சி பார்த்துத் திரும்பினால் முன்பெல்லாம் சட்டைப் பை கனக்கும். நாற்பது ஐம்பது விசிட்டிங் கார்டுகளை ரப்பர் பேண்டு போட்டு டிராயரில் வைப்பேன். தேவைப்படும் நாளில் அந்த ஒன்று மட்டும் அகப்படாது.

இப்போது எதிரே நிற்பவர் போனைத் திருப்பி ஒரு கியூஆர் கட்டத்தைக் காட்டுகிறார். கேமராவை நீட்டுகிறேன். பெயர், நம்பர், கம்பெனி எல்லாம் ஓர் எழுத்துப் பிசகாமல் வந்து உட்காருகின்றன.

அந்தக் கியூஆர் கட்டம் எனக்கு மிகவும் பிடிக்கும். மூன்று மூலைகளில் பெரிய சதுரங்கள், நாலாவதில் இல்லை. எது மேல், எது கீழ் என்று கேமரா அறிவது அதை வைத்துத்தான். தலைகீழாகப் பிடித்தாலும் படித்துவிடும். 1994-இல் ஜப்பானில் மசாஹிரோ ஹாராவின் குழு கார் உதிரிபாகங்களைக் கணக்கில் வைக்க உருவாக்கியது இது. பிழைதிருத்தத்தை உச்சத்தில் வைத்தால் ஏறக்குறைய 30 சதவீதம் மறைந்தாலும் தகவல் மீளும். நடுவில் லோகோ வைக்க முடிவது அதனால்தான். எவ்வளவு நேர்த்தியான வேலை!

கட்டத்துக்குள் இருப்பது விவரங்கள் உள்ள இணையப் பக்கத்தின் முகவரி என்றால், நம்பர் மாறும்போது ஓரிடத்தில் திருத்தினால் போதும். அச்சடித்த ஆயிரம் கார்டு வீணாகாது.

போன முறை ஃபவுண்டரி நடத்தும் பெரியவர் ஒருவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "பையன் போட்டுக் குடுத்தானுங்க, வருதுங்களா?" என்று போனை இரு கையாலும் நீட்டினார். வந்தது. அவர் பெயருக்குக் கீழே குறிப்புப் பகுதியில் நான் சேர்த்தேன்: சிங்காநல்லூர், வார்ப்படம், காதில் பென்சில்.