நகடாயின் நடிப்பு: மேடையும் திரையும்

நடிகன் ஒருவன் பல பாத்திரங்களில் தோன்றுதல் வேறு. பாத்திரந்தோறும் வேறொருவனாக மாறுதல் வேறு. முன்னது வாய்ப்பினால் அமைவது; பின்னது பயிற்சியினால் அமைவது. 1932 டிசம்பர் 13-இல் தோக்கியோவில் பிறந்து, 2025 நவம்பர் 8-இல் தமது 92-ஆம் அகவையில் மறைந்த ஜப்பானிய நடிகர் தட்சுயா நகடாய் பின்னதற்குச் சிறந்த சான்றாவார். உலகம் அவரைத் திரைப்பட நடிகராகவே அறியும். அவருடைய அகன்ற கண்களே அவருடைய ஆற்றலுக்குக் காரணம் என்பாரும் உளர். அக்கூற்று முற்றும் பொருந்துவதன்று. அவ்வாற்றலின் வேர் நாடக மேடையில் உள்ளது என்பதே ஈண்டு நாட்டப்பெறுவது.

1952-இல் அவர் ஹையுசா நாடகக் குழுவின் பயிற்சிப் பள்ளியிற் சேர்ந்தார். அக்குழுவை நிறுவியோருள் ஒருவரான கொரேயா செண்டா, செருமானிய நாடக அரங்கை நேரிற் கண்டு, பிரெக்டின் கொள்கைகளை ஜப்பானில் பரப்பியவர். பாத்திரத்தில் மூழ்கிவிடாது, அதனைச் சற்று விலகி நின்று காட்டும் நெறி அங்குப் பயிலப்பெற்றது. அக்காலத்துப் படநிறுவனங்கள் நடிகரை ஒப்பந்தத்தால் பிணித்து வைத்தன. நகடாயோ எந்நிறுவனத்திற்கும் தம்மை முற்றும் ஒப்புவிக்காது, ஆண்டின் ஒரு பகுதியைத் திரைக்கும் மறு பகுதியை மேடைக்கும் வகுத்துக்கொண்டார். கோபயாஷி, குரோசவா, நருசே ஆகிய வேறுபட்ட இயக்குநர் பலர்பால் அவர் பணியாற்ற முடிந்தமைக்கு இவ்வுரிமையே அடிப்படை.

இதன் பயனைப் படங்களிற் காண்போம். 'மனித நிலை' (1959-1961) மூன்று படங்களாய், ஒன்பதரை மணி நேரம் நீளும் பெருங்கதை. மஞ்சூரியாவில் மனிதத்தன்மையைக் காக்க முயன்று, பனியில் மடியும் காஜி என்பானின் தேய்வை அவர் படிப்படியாகக் காட்டுகிறார். அதே காலப்பகுதியில், 1961-இல் வெளிவந்த 'யோஜிம்போ'வில் கைத்துப்பாக்கி ஏந்திப் புன்னகை பூக்கும் கொடியவன் அவரே. காஜியைக் கண்ட கண்கள் அவனைக் கண்டு மயங்குதல் இயல்பே.

1962-இல் வெளிவந்த 'ஹராகிரி' அவருடைய படைப்புகளுள் தலையாயது. அப்போது அவருக்கு அகவை 29. பேரக் குழந்தையையும் பறிகொடுத்த நடுவயது வீரன் ஹன்ஷிரோவாக அவர் தோன்றுகிறார். படத்தின் பெரும்பகுதியில் அவர் முற்றத்தில் அமர்ந்து கதை சொல்கிறார். அசைவு மிகக் குறைவு. தாழ்ந்து ஒலிக்கும் குரலே அனைத்தையும் தாங்குகிறது. தொல்காப்பியர் வகுத்த மெய்ப்பாடுகள் எட்டனுள் பெருமிதமும் வெகுளியும் தனித்தனியே எண்ணப்படுவன. ஈண்டு வெகுளி பெருமிதத்தினுள் நெடுநேரம் அடங்கி நின்று, இறுதியில் வாளாக வெளிப்படுகிறது. குரலால் அவையை ஆண்டு பழகிய மேடை நடிகனுக்கன்றிப் பிறர்க்கு இஃது எளிதன்று.

அவர்பால் குறையே இல்லையோ எனின், உண்டு. 'ககெமுஷா'வில் (1980) தலைவன் ஷிங்கென், அவனைப் போலத் தோன்றும் திருடன் என இரு வேடங்களை அவர் ஏற்றார். முதலில் ஷிந்தாரோ கட்சுவுக்கு உரியவாயிருந்த அவ்வேடங்கள், அவர் விலகிய பின் நகடாயிடம் வந்தன. திருடனிடம் இருத்தற்குரிய மண்வாடையும் இயல்பான நகையும் இவர்பால் குறைவே. ஆயினும், திருடன் தலைவனாக நடிக்கும் இடங்களில், விலகி நின்று காட்டும் அவருடைய நெறியே துணையாகிறது; பிறனாக நடிப்பவனது துயரமே அப்படத்தின் பொருளாதலின் என்க.

'ரன்' (1985) படத்தில் எழுபது வயது ஹிதெதோராவாக அவர் நடித்தபோது அகவை 52. அவர் முகம் நோ நாடக முகமூடியை ஒத்த ஒப்பனையால் மூடப்பட்டது. இது மிகை என்பர் சிலர். அக்கருத்து ஏற்கத்தக்கதன்று. முகத்தின் நுண்ணிய மாற்றங்கள் மறைந்த நிலையிலும், எரியும் கோட்டையிலிருந்து படியிறங்கி வரும் அந்நடையே அறிவு கலங்கிய அரசனை நமக்கு உணர்த்திவிடுகிறது. 'ஏழு சாமுராய்கள்' (1954) படத்தில் சில நொடிகளே தோன்றும் வழிப்போக்கனாக அவர் நடந்தபோது, அந்நடை குரோசவாவுக்கு நிறைவளிக்கவில்லை. இடைப்பட்ட முப்பதாண்டு மேடைப் பயிற்சியின் விளைவு இவ்விரு நடைகளையும் ஒப்பிடுவார்க்குப் புலனாகும்.

1975-இல் தம் மனைவி யசுகோ மியசாக்கியுடன் 'முமெய்ஜுகு' என்னும் நடிப்புப் பள்ளியை அவர் தொடங்கினார். பெயரிலாப் பள்ளி என்பது அதன் பொருள். கோஜி யகுஷோ அங்குப் பயின்று புகழ் பெற்றவர். 2015-இல் ஜப்பானிய அரசு நகடாய்க்குப் பண்பாட்டு விருதினை வழங்கியது. திரைப்புகழ் பெற்ற பின்னரும் அவர் மேடையை விட்டு நீங்கினாரல்லர். ஆதலின், அவருடைய திரைப்படங்களை மட்டும் கொண்டு அவர் கலையை அளப்பது, கனியைக் கொண்டு மரத்தின் வேரை மறத்தலை ஒக்கும்.