பத்து நாழிகைக் காப்பியம்

தோட்டப்புறங்களில் இரவு முழுதும் நடந்த கூத்தைக் கண்டு வளர்ந்த முதியவர்கள் கிள்ளானில் இன்னும் இருக்கிறார்கள். அக்கூத்தின் கதை பார்ப்போர் அனைவர்க்கும் முன்பே தெரியும். நடத்துவதற்கு விடியுமட்டும் காலமும் உண்டு. அதற்கு நேர்மாறான ஒரு கலை இன்று கோலாலம்பூர் வட்டாரத்து இளைஞரிடையே வழங்குகிறது. அதில் முடிவு எவர்க்கும் தெரியாது. காலமோ நான்கு மணி நேரந்தான். பழைய கணக்கில் பத்து நாழிகை.

மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் அமர்கிறார்கள். ஒருவர் நடத்துநர், இடத்தையும் நிகழ்ச்சியையும் அவர் சொல்வார். ஏனையோர் ஆளுக்கு ஒரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் என்ன செய்கிறது, என்ன பேசுகிறது என்பதைத் தம் வாயாலேயே கூறுவர். செய்ய முனைந்தது கைகூடுமா என்ற ஐயம் எழும்போது பகடை உருட்டப்படும். இத்தகைய பாத்திர ஏற்பு ஆட்டங்களுள் பலரும் அறிந்தது, கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் அமெரிக்கர் இருவர் 1974இல் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. வாரந்தோறும் கூடும் நண்பர்கள் ஒரே கதையை ஆண்டுக்கணக்கில் ஆடுவதுண்டு. ஆட்ட மாநாடுகளிலோ முன்பின் அறியாதவர்கள் ஒரு மேசையில் கூடி, ஒரே அமர்வில் தொடங்கி, ஒரே அமர்வில் முடிக்க வேண்டும். இக்குறு வடிவமே நம் ஆராய்ச்சிப் பொருள். விளையாட்டுக்கு இம்மலரில் இடமா என்று கேட்பார்க்கு ஒரு விடை உண்டு: இது சொல்லாலேயே நடக்கும் ஆட்டம். சொல்லாலாகிய எதுவும் திறனாய்வுக்கு உரியதே.

நெடிய ஆட்டம் காப்பியம் என்றால் மாநாட்டு ஆட்டம் சிறுகதை. காப்பியத்தைச் சுருக்கினால் சிறுகதை ஆகிவிடாது என்பதை நாம் அறிவோம். ஆனால் நடத்துநர் பலர் செய்வது அச்சுருக்கமே. சத்திரத்தில் சந்திப்பு, ஊர்த்தலைவர் வேண்டுகோள், காட்டுவழிப் பயணம், இடையில் ஒரு சிறு போர், இறுதியில் டிராகன் என்று நெடுங்கதையின் எல்லா உறுப்புகளையும் ஒரே அமர்வில் அடைக்கிறார்கள். மூன்றரை மணி கடந்தும் டிராகனின் வால்கூடக் கண்ணில் படுவதில்லை. பிறகு எஞ்சிய அரைமணியில் அவசரப் போர். முடிவை நடத்துநரே சொல்லிவிடுகிறார். வந்தவர்கள் கதை கேட்டவர்களாகத் திரும்புகிறார்களே அன்றி, கதை செய்தவர்களாகத் திரும்புவதில்லை.

இக்குறையைப் போக்கும் முயற்சிகள் தொடக்கத்திலேயே நடந்தன. 1975இல் ‘ஆரிஜின்ஸ்’ என்னும் மாநாட்டில் போட்டியாக ஆடப்பெற்று, 1978இல் நூலாக வந்தது கைகாக்ஸின் ‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’. அதில் பாத்திரங்கள் முன்பே ஆக்கித் தரப்பட்டன. ஆகவே பாத்திரம் படைப்பதில் காலம் வீணாகவில்லை. ஆடுவோர்க்குக் காட்டுவதற்கென்றே படங்களும் நூலில் இணைக்கப்பட்டன. பத்து வாக்கிய வருணனையை ஒரு படம் தாங்கியது. இவை இரண்டும் போற்றத்தக்க உத்திகள். ஆனால் அக்கல்லறை முழுதும் கொல்லும் பொறிகள். அங்கே வேண்டப்படுவது விடுகதைக்கு விடை காணும் கூர்மை ஒன்றே. வீரனாக வந்தவன் வீரனாகவோ, துறவியாக வந்தவன் துறவியாகவோ பேச வேண்டிய தேவையே எழுவதில்லை.

1984இல் டிரேசி ஹிக்மன் முதலியோர் தொடங்கிய ‘டிராகன்லான்ஸ்’ வரிசை மறுகோடியில் நிற்கிறது. அதன் பாத்திரங்களுக்கு உறவு உண்டு, பழம் பகை உண்டு, துயரம் உண்டு. டிராகன்களும் வெறும் விலங்குகளாக அன்றி, ஓர் உலகப் போரின் பங்காளிகளாக வருகின்றன. அதே ஆண்டில் அக்கதை நாவலாகவும் வெளிவரத் தொடங்கியது. குறை அங்கேதான் பிறந்தது. நாவலுக்கு முன்பே வகுத்த பாதை வேண்டும். ஆட்டத்துக்கு அப்பாதையே தளை. ஆடுவோர் வேறு வழி செல்ல முயன்றாலும், கதை அவர்களை இழுத்துத் தன் வழியில் நிறுத்திவிடுகிறது. நெடிய ஆட்டத்தில் பொறுத்துக்கொள்ளத்தக்க இக்குறை, குறு ஆட்டத்தில் உயிரையே போக்கிவிடும்.

இவ்விரு குறையும் அற்ற பகுதி ஒன்றைச் சுட்டலாம். 2014இல் வந்த ‘லாஸ்ட் மைன் ஆஃப் ஃபாண்டெல்வர்’ பல அமர்வுகளுக்கு உரிய நெடிய கதை. அதன் நடுவில் தண்டர்ட்ரீ என்னும் பாழூர் வருகிறது. அங்கே ஒரு கோபுரத்தில் வெனம்ஃபாங் என்னும் இளைய பச்சை டிராகன் குடிகொண்டுள்ளது. அதை ஊரைவிட்டு ஓட்ட வேண்டும் என்கிறார் ஒரு முனிவர். அதன் நட்பைப் பெறக் காத்திருக்கிறது டிராகனை வழிபடும் ஒரு கூட்டம். டிராகனோ பேசும், ஏய்க்கும், அடி பலமாகப் பட்டால் பறந்து தப்பும். இந்த ஓர் அத்தியாயத்தைத் தனியே எடுத்தால் அதுவே மாநாட்டுக்கு ஏற்ற முழு ஆட்டம். ஓர் இடம், மூன்று விருப்பங்கள், ஒரு டிராகன். வழிநடை இல்லை, சத்திரம் இல்லை. யார் சொல்லைக் கேட்பது என்ற வினா மட்டும் உண்டு. அதற்கு நூலாசிரியர் விடை எழுதி வைக்கவில்லை.

இதிலிருந்து பெறும் விதி ஒன்று: குறு ஆட்டத்தில் குறைக்க வேண்டியது நிகழ்ச்சிகளை, தெரிவுகளை அன்று. தமிழாசிரியர்க்கு இதைத் தொல்காப்பியத்தின் சொல்லால் விளக்குவது எளிது. நிலமும் பொழுதும் ஆகிய முதற்பொருளையும், அந்நிலத்துக்குரிய உயிர், தொழில், தெய்வம் முதலிய கருப்பொருளையும் நடத்துநர் முன்னரே அமைத்து வரட்டும். உரிப்பொருளை மட்டும் ஆடுவோர்க்கு விட்டுவிடட்டும். அஞ்சுவதா, இரங்குவதா, விலை பேசுவதா, போரிடுவதா என்பது அவர்கள் உரிமை. மூன்றனுள் தலையாயதையும் நடத்துநரே எடுத்துக்கொண்டால், எதிரே இருப்போர்க்குப் பகடை உருட்டுவதைத் தவிர வேறு வேலை இல்லை.

கணக்கும் இதையே கூறும். நான்கு மணி என்பது 240 நிமிடம். அறிமுகத்துக்கும் விதி விளக்கத்துக்கும் 30, இடைவேளைக்கு 10, முடிவுரைக்கு 10 போக, நிற்பது 190. நடத்துநர் அதில் பாதியைத் தாமே பேசினால், ஐவருக்கு எஞ்சுவது 95. ஆளுக்கு 19 நிமிடமே. போரோ இன்னும் காலம் விழுங்கும். ஒவ்வொரு முறைக்கும் இரண்டு நிமிடம் என்று கொண்டால், ஐவருக்கும் டிராகனுக்குமாக ஒரு சுற்றுக்கு 12 நிமிடம். ஐந்து சுற்றுக்கு ஒரு மணி. ஆகவே போர் ஒன்றே போதும். இரண்டாவது போர், ஒருவர் வாயிலிருந்து பறித்த சொல் என்றே கொள்ள வேண்டும்.

நம் நாட்டு மேசைக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. மேற்சொன்ன ஆட்டத்தின் விதிநூல்களில் செம்மை, பச்சை போன்ற நிறத்து டிராகன்கள் தீயவை. பொன், வெள்ளி போன்ற உலோக டிராகன்கள் நல்லவை. கோலாலம்பூர் மேசையில் அமரும் சீனருக்கு டிராகன் மழையும் வளமும் தரும் மங்கலப் பொருள். மலாய் மொழியில் டிராகனுக்குப் பெயரே ‘நாகா’. பகாங் மாநிலத்துச் சினி ஏரியில் உறைவதாகச் சொல்லப்படும் நாகத்தை அறியாதவர் குறைவு. தமிழருக்கோ நாகம் புற்றிலிருந்து வரம் தரும் தெய்வம். புதையல் காக்கும் காவலும் அதுவே. மேனாட்டு விதிநூலின் டிராகனை அப்படியே இறக்குமதி செய்வோர் இச்செல்வத்தை இழக்கிறார்கள். மலேசியரான செடெக் சியு, ஓவியர் முன்காவ் இருவரும் ‘எ தௌசண்ட் தௌசண்ட் ஐலண்ட்ஸ்’ என்னும் சிறு நூல் வரிசையில் தென்கிழக்காசிய ஆறுகளையும் தீவுகளையுமே ஆட்டக்களம் ஆக்கிக் காட்டியுள்ளனர். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில் ஒரு நாகம் உறங்குகிறது என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். மூவினத்தாரும் ஆளுக்கு ஒரு நினைவோடு நிமிர்ந்து உட்காருவர். பத்து நிமிட வருணனை மிச்சம்.

ஆனால் அம்மேசைகளில் கேட்கும் மொழி பெரும்பாலும் ஆங்கிலம். பிரிக்ஃபீல்ட்ஸில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளையும் டிராகனிடம் ஆங்கிலத்திலேயே பேரம் பேசுகிறான். வீட்டில் தமிழ் பேசுபவன் இங்கே ஏன் பேசுவதில்லை? நாம் அவனுக்குப் பயிற்றிய மேடைத்தமிழ் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்வித்த தமிழ். பேச்சுப் போட்டியில் தடையின்றி முழங்கும் மாணவன், இடையில் ஒரு வினா எழுந்தால் திகைக்கிறான். எதிர்பாராத வினாவுக்கு உடனே விடையிறுக்கும் கலை நம்மிடம் இல்லாததன்று. 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் செய்குதம்பிப் பாவலர் சதாவதானம் நிகழ்த்தினார். பலர் பலவாறு வினவ, அனைத்தையும் நினைவில் நிறுத்தி விடை தந்தார். ஐவர் ஐந்து திசையில் கதையை இழுக்க, அனைத்தையும் ஏற்றுக் கதையை நடத்தும் நல்ல நடத்துநர் செய்வதும் அவதானத்தின் ஒரு சிறு சாயலே.

குறு ஆட்டத்துக்கு எல்லை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஒரு பாத்திரம் மெல்ல வளர்ந்து மாறும் அழகை அதில் காண இயலாது. முதல் நாள் கோழை மூன்றாம் ஆண்டில் தலைவன் ஆவதற்குப் பத்து நாழிகை போதாது. எனினும் அந்நியர் ஐவர் ஒருவர் சொல்லை ஒருவர் செவிமடுத்து ஒரு முடிவுக்கு வருவதற்கு அது போதும். பள்ளித் தமிழ்மொழிக் கழகம் ஒரு சனிக்கிழமைக் காலையை இதற்கு ஒதுக்கலாம். ஓர் ஆறு, ஒரு நாகம், ஐந்து மாணவர், ஒரு பகடை இருந்தால் ஆட்டம் தொடங்கும். ஆசிரியர் செய்ய வேண்டிய அரிய செயல் ஒன்றே: மாணவன் தயங்கும்போது விடையை எடுத்துக் கொடுக்காமல் காத்திருத்தல். நாகத்தின் முன் நின்று அவன் தானாகச் சொல்லும் முதல் வாக்கியத்தில் பிழை இருக்கலாம். ஆயினும் அது எவரும் எழுதிக் கொடுக்காத தமிழ்.