இக்தம் மோற்: அகழியும் அந்தஸ்தும்

இங்கிலாந்தின் கென்ற் பிரதேசத்திலுள்ள இக்தம் மோற் என்னும் அகழிசூழ் மாளிகையைப் பற்றி எழுதுவோர், இடைக்காலம் மாறாது உறைந்து நிற்கும் இடமாகவே அதனைப் பெரும்பாலும் வருணிப்பர். கட்டடத்தைக் கூர்ந்து நோக்குமிடத்து இவ்வருணனை பொருந்துவதாயில்லை.

அகழியையே முதலில் நோக்கலாம். மாளிகை பள்ளத்தாக்கின் அடியில், சூழவுள்ள மேட்டுநிலத்திலிருந்து எளிதிற் காணத்தக்க இடத்தில் அமைந்துள்ளது. நீரை ஒட்டி எழும் சுவர்களிலே சாளரங்கள் உள்ளன. முற்றுகையை எதிர்பார்த்த ஒருவன் இவ்விடத்தைத் தெரிந்திருக்கமாட்டான். கள்வரைத் தடுக்க அகழி உதவியிருக்கலாம்; எனினும் நிலமானியச் சமுதாயத்தில் அது முதற்கண் அந்தஸ்தின் அடையாளமாகும். கோட்டை கட்டும் வலுவற்ற நிலவுடைமையாளன் கோட்டையின் சாயலையேனும் நீரினாற் பெற்றான் எனலாம்.

பெருமண்டபம் 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்குரியது. முற்றத்தைச் சூழ்ந்த ஏனைய பகுதிகள் பின்னரே படிப்படியாக எழுந்தன. 1521இல் மாளிகையை வாங்கிய றிச்சட் கிளெமன்ற் எட்டாம் ஹென்றியின் அரசவையைச் சார்ந்தவர். அவர் காலத்தில் சிற்றாலயத்தின் மரக்கூரையிலே தியூடர் ரோசாவும் அரசி கதரினின் மாதுளையும் தீட்டப்பெற்றன. 1533இல் அத்திருமணம் செல்லாதென அறிவிக்கப்பட்டது. மாதுளையோ கூரையில் எஞ்சியது. அரச விசுவாசத்தைப் பறைசாற்ற எழுந்த ஓவியம், பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அரசனுக்கு உவப்பற்ற நினைவாயிற்று. மாறாத இடைக்காலத்தைத் தேடுவோர் இம்முரணைக் காணத் தவறிவிடுகின்றனர்.

1591 முதல் 1889 வரை செல்பி குடும்பத்தினர் இதனை ஆண்டனுபவித்தனர். விருந்தினர் கூடத்துச் சீனச் சுவர்த்தாள் 18ஆம் நூற்றாண்டினது. பெருமண்டபத்தின் மரப்பலகை வேலைப்பாடு 19ஆம் நூற்றாண்டில் நோமன் ஷோ அமைத்தது. முற்றத்திலுள்ள பெரிய நாய்க்கூடும் அந்நூற்றாண்டின் இறுதியில் எழுந்ததே. அதுவும் முதற்றரப் பாதுகாப்புக்குரிய கட்டடமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. அதில் வாழ்ந்த நாயின் பெயர் டிடோ என்பது பலரும் அறிந்த செய்தி. அகழியைத் தோண்டியவர்களின் பெயரைக் கேட்பாரில்லை.

1951இல் தளபாடங்கள் விற்கப்பட்டு மாளிகை இடிபடும் நிலையை எய்தியபோது உள்ளூரார் மூவர் அதனை வாங்கிக் காத்தனர். 1953இல் வாங்கிய அமெரிக்கரான சார்ள்ஸ் ஹென்றி றொபின்சன் வாயிலாக அது 1985இல் நாஷனல் ட்றஸ்ற் நிறுவனத்தை அடைந்தது. 1989 முதல் 2004 வரை, ஒரு கோடிப் பவுணுக்கு மேற்பட்ட செலவில், பகுதி பகுதியாகப் பிரித்துச் செப்பனிடப்பட்டது. இன்று காண்போர் வியக்கும் பழைமையிற் கணிசமான பங்கு அப்பதினைந்து ஆண்டுகளிலே தச்சரும் கொத்தரும் உழைத்து நிலைநிறுத்தியதாகும்.