மறக்கும் பெட்டிக்குள் மறக்கக் கூடாத சர்வர்

நூற்றுக்கணக்கான கணினிகளில் எந்த மென்பொருள் இருக்க வேண்டும், எந்தக் கோப்பில் எந்த வரி இருக்க வேண்டும், எந்தப் பயனருக்கு அனுமதி உண்டு என்று ஓரிடத்தில் எழுதிவைத்து, எல்லாக் கணினிகளையும் அதன்படி நடக்க வைப்பது கான்ஃபிகரேஷன் மேனேஜ்மென்ட் சர்வரின் வேலை. ஆஸ்லோவில் மார்க் பர்ஜெஸ் 1993இல் எழுதிய சிஎஃப்எஞ்சின் இந்த வகைக்கு மூத்தது. 2005இல் லூக் கேனிஸ் தொடங்கிய பப்பெட் அதைப் பரவலாக்கியது. டாக்கர் மேடையேறியது 2013இல்தான். சர்வருக்குப் பெயர் வைத்து ஆண்டுக்கணக்கில் அணைக்காமல் ஓட்டிய காலத்துப் பிள்ளை பப்பெட். எந்த நேரமும் அழித்துவிட்டு அதே இமேஜிலிருந்து மறுபடி எழுப்பிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் பிறந்தது கன்டெய்னர். முன்னதைப் பின்னதற்குள் வைத்து ஓட்டுவது இன்று பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. இது நல்ல வழக்கமா என்று கேட்பவரிடம், சர்வரின் எந்தப் பகுதியைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டாக வேண்டியிருக்கிறது.

நிறுவுவது எளிது என்பதுதான் கன்டெய்னருக்கு ஆதரவாக முதலில் சொல்லப்படும் வாதம். அதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. பப்பெட் சர்வர் ஜாவா மெய்நிகர் இயந்திரத்தின் மேல் ஓடும் குளோஜர் நிரல்; அதன் வயிற்றுக்குள் ஜேஆர்ரூபி இருக்கிறது. கேட்கச் சிக்கலாக இருந்தாலும், பேக்கேஜாக நிறுவும்போது பெரும்பாலானவை ஒன்றாகவே வந்து இறங்கிவிடும். நிறுவுவதில் கன்டெய்னர் மிச்சப்படுத்துவது சொற்பம்தான்.

அதன் உண்மையான பலம், இரண்டு பதிப்புகளை அருகருகே ஓட்டவும் வேண்டாததைச் சுவடில்லாமல் தூக்கியெறியவும் முடிவதில் இருக்கிறது. 2023இல் வந்த பப்பெட் 8ஐ எடுத்துக்கொள்வோம். கணினிகள் தம்மைப் பற்றித் தரும் தகவல்களான ஃபாக்ட்டுகளின் பழைய பெயர்கள் இயல்பாக அனுப்பப்படுவது அதில் நின்றுபோனது. முன்பு எச்சரிக்கையோடு விட்டுவிட்ட பிழைகள் இப்போது, ஒரு கணினி எப்படி இருக்க வேண்டும் என்று சர்வர் தரும் பட்டியலான கேட்டலாக்கைத் தொகுப்பதையே நிறுத்தின. உள்ளே இருக்கும் ரூபியும் மாறியது. ஐந்தாறு ஆண்டுகளாகப் பலர் கைபட்டு வளர்ந்த மாட்யூல்கள் இந்த மாற்றத்தில் எங்கெங்கே உடையும் என்று யாராலும் உட்கார்ந்து வாசித்துச் சொல்லிவிட முடியாது. ஓட்டித்தான் பார்க்க வேண்டும். 7ஆம் பதிப்பு 8140 போர்ட்டில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, 8ஐ வேறொரு போர்ட்டில் எழுப்பி, அதே நிரலைக் கொடுத்து, இரண்டும் தரும் கேட்டலாக்குகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இப்படி ஒப்பிடுவதற்கென்றே கிட்ஹப் நிறுவனம் ஆக்டோகேட்டலாக்-டிஃப் என்ற கருவியை வெளியிட்டிருக்கிறது. இந்த வேலைக்கு முன்பெல்லாம் தனியாக ஒரு மெய்நிகர் இயந்திரம் கேட்டு வாங்கிக் காத்திருந்தோம். இந்த ஒரு பயனுக்காகவே இந்த வழக்கத்தை மன்னிக்கலாம்.

இதே வசதி இன்னொரு இடத்திலும் கைகொடுத்தது. பப்பெட்டை வாங்கிய பெர்ஃபோர்ஸ் நிறுவனம், இனி ஆயத்த பேக்கேஜ்களைத் தன் உரிம நிபந்தனைகளுக்கு உட்பட்டே தரப்போவதாக 2024 இறுதியில் அறிவித்தது. பயனர் சமூகமான வாக்ஸ் புப்புலி, ஓப்பன்வாக்ஸ் என்ற கிளையை 2025 தொடக்கத்தில் வெளியிட்டது. அதற்கான கன்டெய்னர் இமேஜ்களையும் பராமரிக்கிறது. கன்டெய்னரில் ஓட்டியவர்களுக்கு இந்த இடமாற்றத்தின் பெரும்பகுதி, இமேஜின் பெயரை ஒரு வரியில் மாற்றுவதோடு முடிந்தது. பிடிக்கவில்லையென்றால் பழைய பெயருக்கே திரும்பவும் வழியிருந்தது.

இதுவரை சொன்னது மென்பொருள் என்ற பாதிக்கு. மறு பாதி நம்பிக்கை.

ஒவ்வொரு கணினியிலும் ஓடும் ஏஜென்ட் நிரலும் சர்வரும் ஒன்றுக்கொன்று சான்றிதழ் காட்டித்தான் பேசிக்கொள்கின்றன. அந்தச் சான்றிதழ்களில் கையெழுத்திடும் அதிகாரம், வேறு ஏற்பாடு செய்யாதவரை, பப்பெட் சர்வரிடமே இருக்கிறது. தனிச்சாவி, வரிசை எண், கையெழுத்திட்டவற்றின் பட்டியல், ரத்து செய்தவற்றின் பட்டியல் என்று சில சிறிய கோப்புகள்தான். மொத்த ஏற்பாட்டின் உயிர் அவற்றில் இருக்கிறது. தரவைக் கன்டெய்னருக்கு வெளியே காக்கும் வால்யூம் எதுவும் இணைக்காமல் ஓட்டிய கன்டெய்னரை ஒருவர் அழித்துவிட்டு மறுபடி எழுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். சர்வர் எந்தப் புகாரும் சொல்லாமல் எழுந்துகொள்ளும். பழைய அதிகாரத்தைக் காணோமே என்று பதறாமல் தானே புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். கன்டெய்னர் நலம் என்றே கண்காணிப்புத் திரை காட்டும். ஏஜென்ட்டுகளோ பழைய அதிகாரத்தின் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தப் புதிய சர்வரை யாரென்றே தெரியாது என்று கதவைச் சாத்திவிடும். சரிசெய்ய ஒவ்வொரு கணினிக்குள்ளும் போய்ப் பழைய சான்றிதழ்களை நீக்கிப் புதிதாகக் கையெழுத்து வாங்க வேண்டும். எல்லாக் கணினிகளிலும் ஒரே மாற்றத்தைச் செய்வதற்கென்றே ஒரு கருவி வைத்திருந்தோம். அந்தக் கருவிதான் இப்போது செத்துக் கிடக்கிறது.

வால்யூம் இணைத்துவிட்டால் தீர்ந்ததா என்றால், அதுவும் முழுதாக இல்லை. நாம் சொல்லாதவரை, கன்டெய்னரின் அடையாள எண்ணில் முதல் 12 எழுத்துகளையே அதன் ஹோஸ்ட்பெயராக டாக்கர் வைக்கிறது. அழித்து எழுப்பும் ஒவ்வொரு முறையும் பெயர் மாறும். பப்பெட் தன் சான்றிதழுக்குப் பெயரிடுவது ஹோஸ்ட்பெயரைக் கொண்டு. வால்யூமில் பழைய பெயரில் சான்றிதழ் பத்திரமாக இருக்க, புதிய பெயரோடு எழுந்த சர்வர் அது தன்னுடையதல்ல என்று வேறொன்றைத் தேடும். ஹோஸ்ட்பெயரை நிலையாகக் கொடுத்து, ஏஜென்ட்டுகள் கூப்பிடும் மாற்றுப் பெயர்களையும் சான்றிதழில் சேர்த்தால் இது தீரும். கடினமானதல்ல. தெரியாதவருக்கு ஒரு ராத்திரித் தூக்கம் போகும், அவ்வளவுதான்.

இமேஜ்களோடு வரும் இயல்பு அமைப்புகள் இன்னொரு கவலை. பேக்கேஜாக நிறுவிய பப்பெட்டில், புதிதாக வரும் ஏஜென்ட்டின் விண்ணப்பத்தை நிர்வாகி பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பப்பெட் நிறுவனம் முன்பு வெளியிட்ட சர்வர் இமேஜில், வருகிற எல்லோருக்கும் தானாகக் கையெழுத்திடுவதே இயல்பாக இருந்தது. ஜாவாவின் ஹீப் நினைவக அளவும் பேக்கேஜில் 2 ஜிபி என்றால் அந்த இமேஜில் அரை ஜிபிதான். மடிக்கணினியில் எழுப்பிப் பார்த்து மாலையில் அழித்துவிடுகிறவருக்கு இவை மிகச் சரியான தேர்வுகள். அதே கம்போஸ் கோப்பு ஒரு எழுத்தும் மாறாமல் உற்பத்திச் சூழலுக்குப் போய்ச் சேரும்போதுதான் தொல்லை. இந்த வழக்கத்தின் குறைகள் என்று பட்டியலிடப்படுபவற்றில் பாதி, சோதனைக்கு எழுதியதை அப்படியே நிரந்தரமாக்கிய சோம்பேறித்தனத்தின் குறைகள். கன்டெய்னரைப் பழிப்பது நியாயமில்லை.

நினைவக விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய ஜாவா, கன்டெய்னருக்கு விதித்த வரம்பை அறியாமல் ஹோஸ்ட்டின் மொத்த மெமரியையும் தன்னுடையதாக எண்ணிக்கொள்ளும்; ஜாவா 10இலும், 8இன் பிந்திய வெளியீடுகளிலும் இது சரியானது. ஆனாலும் ஹீப் அளவையே கன்டெய்னரின் வரம்பாகவும் வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஹீப்புக்கு வெளியேயும் ஜாவாவுக்கு இடம் தேவை. வரம்பைத் தாண்டினால் கெர்னல் அதைக் கொன்றுவிடும், 137 என்ற வெளியேற்ற எண் மட்டும் மிஞ்சும்.

மாட்யூல் நிரலை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு நல்ல பதிலை நான் இன்னும் காணவில்லை. இமேஜுக்குள்ளேயே வைத்துக் கட்டினால், எந்த நேரத்தில் எந்த நிரல் ஓடியது என்பதற்குச் சந்தேகமே இல்லாத சாட்சி கிடைக்கும். ஆனால் ஒரு வரி மாற்றத்துக்கும் புதிய இமேஜ் கட்டி, மெதுவாக எழும் ஜேவிஎம்மை மறுபடி எழுப்ப வேண்டும். கிட் கிளை ஒவ்வொன்றையும் தனிச் சூழலாக விரிக்கும் ஆர்10கே முறையும் கைவிட்டுப் போகும். அதற்காக நிரலை வால்யூமில் வைத்தால், இமேஜைப் பார்த்து சர்வரின் நிலையைச் சொல்லலாம் என்ற பெருமை போய்விடும். ஹோஸ்ட்டின் பயனர் எண்ணும் கன்டெய்னரின் பயனர் எண்ணும் பொருந்தாத அனுமதித் தகராறு கூடவே வரும். பெரும்பாலோர் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நானும் அதைத்தான் சொல்வேன், மகிழ்ச்சியோடு அல்ல.

இதைவிட அடிப்படையான ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. குபர்னெட்டிஸ் போன்றவை தரும் பெரிய வரம், விழுந்ததை நொடியில் எழுப்புவது. இணையக் கடைக்கு அது உயிர். பப்பெட் சர்வருக்கு அவ்வளவு அவசரம் இல்லை. ஏஜென்ட்டுகள் இயல்பாக 30 நிமிடத்துக்கு ஒருமுறைதான் வருகின்றன. சர்வர் கிடைக்காவிட்டால் கடைசியாக வாங்கிய கேட்டலாக்கையே வைத்துச் சமாளிக்கின்றன. ஒரு மணி நேரம் சர்வர் விழுந்து கிடந்தாலும் ஊர் பற்றி எரியாது. எரிவது, சர்வர் எழுந்து நின்று, ஆனால் எதையோ மறந்துவிட்ட நிலையில் பதில் சொல்லும்போதுதான்.

ஏஜென்ட்டுகள் அறிவிப்பதைச் சேமித்துவைக்கும் தரவுத்தளமான பப்பெட்டிபி அதற்கு நல்ல உதாரணம். அதன் போஸ்ட்கிரெஸ் தரவு அழிந்தால் கவலையில்லை, அரை மணியில் எல்லா ஏஜென்ட்டுகளும் வந்து நிரப்பிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. ஃபாக்ட்டுகளைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் ஒரு கணினி தன்னைப் பற்றி அறிவித்து, மற்றொன்று அதைச் சேகரித்துக்கொள்ளும் எக்ஸ்போர்ட்டெட் ரிசோர்ஸ் முறையில் லோடு பேலன்சரின் பட்டியலைக் கட்டியிருந்தால் கதை வேறு. தரவுத்தளம் காலியாக எழுந்த மறு நிமிடம் லோடு பேலன்சர் முதல் ஆளாக வந்தால், பின்னால் ஒரு சர்வரும் இல்லை என்றே அதற்குச் சொல்லப்படும். அது கீழ்ப்படிந்து எல்லாவற்றையும் பட்டியலிலிருந்து தூக்கிவிடும். விழுந்தே கிடந்திருந்தால் இந்த விபத்து நடந்திருக்காது.

சர்வர் ஓடும் ஹோஸ்ட்டை யார் நிர்வகிப்பது என்பதும் இருக்கிறது. அதே பப்பெட்தான் என்றால், டாக்கரை மேம்படுத்தச் சொல்லும் கேட்டலாக் டாக்கரை மறுதொடக்கம் செய்ய, தன்னை அனுப்பிய சர்வரையே அது நடுவழியில் நிறுத்திவிடக்கூடும். டாக்கரின் லைவ்-ரிஸ்டோர் அமைப்பு இதைத் தணிக்கும். பேரிடருக்குப் பிறகு வெறும் வன்பொருளிலிருந்து எல்லாவற்றையும் எழுப்ப நேர்ந்தால், முதல் ஹோஸ்ட்டைத் தயார்செய்ய ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட்டாவது தனியே இருந்தாக வேண்டும். இமேஜும் வெளி ரெஜிஸ்ட்ரியில் மட்டும் இருக்கக் கூடாது.

பாதுகாப்பு என்ற பெயரில் கன்டெய்னரைப் பரிந்துரைப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 2020 ஏப்ரல் இறுதியில், பப்பெட் வகையையே சேர்ந்த சால்ட் மென்பொருளின் இரு பெரிய ஓட்டைகள் வெளிவந்தன. மே மாதத்தின் முதல் சில நாட்களிலேயே லினேஜ்ஓஎஸ் என்ற மொபைல் இயங்குதளத் திட்டம், கோஸ்ட் என்ற வலைப்பதிவுத் தளம் ஆகியவற்றின் சர்வர்கள் தாக்கப்பட்டன. கோஸ்ட்டின் கணினிகளில் கிரிப்டோ நாணயம் தோண்ட முயன்றார்கள். இணையத்துக்குத் திறந்து கிடந்த மாஸ்டர் சர்வரைப் பிடித்தால், அது ஆளும் கணினிகள் எல்லாவற்றிலும் ரூட் அதிகாரம் கிடைத்துவிடும். மாஸ்டர் கன்டெய்னருக்குள் இருந்தால் அது ஓடும் ஹோஸ்ட் ஓரளவு தப்பலாம். ஆனால் திருடன் தேடி வந்தது அந்த ஹோஸ்ட்டை அல்லவே. கட்டளைகள் முறையான வழியிலேயே வெளியே போகின்றன. எந்தச் சுவரும் அவற்றைத் தடுக்காது.

ஆகவே நான் பிரிக்கும் கோடு இது. கேட்டலாக் தொகுக்க மட்டும் செய்யும் கம்பைல் சர்வர்கள் கன்டெய்னரில் ஓடட்டும், எத்தனை வேண்டுமானாலும்; அவை எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. சான்றிதழ் அதிகாரம் ஓரமாக ஒரு சாதாரண இயந்திரத்தில் இருக்கட்டும். போஸ்ட்கிரெஸ், உங்கள் மற்றத் தரவுத்தளங்களைப் பார்த்துக்கொள்பவர்களிடம் போகட்டும். ஐம்பது கணினிகள் மட்டும் உள்ள சிறிய இடத்தில் இவ்வளவு பிரிப்பது அதிகம் என்றால், ஒரே கன்டெய்னரில் வையுங்கள். ஆனால் அதிகாரக் கோப்புகளின் நகல் தினமும் வேறொரு கணினிக்குப் போக வேண்டும்.

ஏற்கனவே இப்படி ஒரு சர்வரை ஓட்டிக்கொண்டிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அதன் பிரதி ஒன்றைத் தனி வலையமைப்பில் எழுப்பி, வால்யூமோடு சேர்த்து அழித்துவிட்டு, காப்பு நகலை மட்டும் வைத்து மீட்டுப் பாருங்கள். பழைய சான்றிதழுள்ள ஒரு ஏஜென்ட் வந்து மறுபேச்சின்றிக் கேட்டலாக் வாங்கிப் போனால், உங்கள் ஏற்பாடு நிற்கும். இல்லையென்றால் அடுத்த மேம்படுத்தலைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.