மண்ணெண்ணெய்க் கணக்கு

முதலாவது ரெசிடென்ட் ஈவிலை மூன்று மணித்தியாலத்துக்குள் முடித்தால், குண்டு தீராத ராக்கெட் லோஞ்சர் ஒன்று பரிசாகக் கிடைக்கும். ஆட்களைப் பயமுறுத்தவென்று செய்த விளையாட்டு, கடைசியில் மணிக்கூட்டைப் பார்த்துத்தான் புள்ளி போடுகிறது. கிரிக்கெட்டும் உதைபந்தாட்டமும் வருகிற இந்தப் பத்தியில் இந்தக் கிழமை ஸோம்பிகள் வருவதற்கு அந்த ஒரு காரணம் எனக்குப் போதும்.

இந்தத் தொடரைப் புகழ்கிறவர்கள் பூதங்களைப் பற்றியே பேசுகிறார்கள். நாய் யன்னலை உடைத்துக்கொண்டு பாய்ந்தது, தோலுரிந்த லிக்கர் கூரையில் தொங்கியது என்று. அதெல்லாம் முதல்முறை மட்டுந்தான். இரண்டாவது முறை அந்த நாய் எந்த யன்னலால் வரும் என்று உங்களுக்குத் தெரியும். அப்போதும் கை வியர்க்கிறதென்றால் அது நாயால் அல்ல, துவக்கில் நாலு தோட்டா மட்டும் மிச்சம் இருப்பதால். ரெசிடென்ட் ஈவிலின் பயம் கணக்கில் இருக்கிறது. கணக்கு இறுக்கமாக இருந்த பாகங்களை இன்றைக்கும் விளையாடலாம். தளர்ந்த பாகங்கள் நன்றாக விற்றன, அவ்வளவுதான்.

1996 மார்ச் 22 அன்று யப்பானில் பிளேஸ்டேஷனுக்கு முதல் பாகம் வந்தது. இயக்கியவர் ஷின்ஜி மிகாமி. அந்த வேலையை அவரிடம் கொடுத்தவர் கப்கொம் நிறுவனத்தின் மூத்தவரான டொக்குரோ ஃபுஜிவாரா. 1989இல் ‘ஸ்வீட் ஹோம்’ என்ற விளையாட்டைச் செய்திருந்த ஃபுஜிவாராவுக்கு, அதையே புதிய இயந்திரத்தில் திருப்பிச் செய்யவேண்டும் என்பதுதான் முதல் எண்ணம். பெரிய வீடு, பூட்டிய அறைகள், கொஞ்சமே கொள்ளும் பை, ஆறுதலாகத் திறக்கும் கதவு எல்லாம் அந்தப் பழைய விளையாட்டிலேயே இருந்தவை.

அந்த மார்ச் மாதம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் விளையாட ஆளில்லை. 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வோடு வலிகாமம் வெறுமையாகிக் கிடந்தது. சனம் தென்மராட்சியில். திரும்பி வந்தது ஏப்ரலுக்குப் பிறகு. அதனால் என் தலைமுறைப் பெடியள் இந்தத் தொடரைக் கண்டது பிந்தித்தான். 2002இல் ஏ-9 பாதை திறந்து, கொழும்பிலிருந்து பழைய கணினிகள் லொறியேறி வரத் தொடங்கிய பிறகு, பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்து ஒழுங்கைக் கடைகளில் சீடியாகக் கண்டோம். கொப்பி அடித்த சீடிதான். உண்மைச் சீடி எப்படியிருக்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

இனி ஆட்டத்துக்கு வருவோம். முதல் பாகத்தில் கிறிஸ், ஜில் என்ற இருவரில் ஒருவரை எடுத்து விளையாடலாம். கிறிஸின் பையில் ஆறு இடம், ஜில்லின் பையில் எட்டு. துவக்கு ஓரிடம், தோட்டா ஓரிடம், மூலிகை ஓரிடம், திறப்பு ஓரிடம். ஆட்டத்தைப் பதிவு செய்ய தட்டச்சு இயந்திரத்துக்கு ரிபன் வேண்டும். ரிபனுக்கும் ஓரிடம். மிச்சத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகவேண்டும், பெட்டியோ எல்லா அறையிலும் இல்லை. கிறிஸை எடுத்தவர் துவக்கும் தோட்டாவும் மூலிகையும் வைத்தாலே பை பாதி நிறைந்துவிடும். மற்றப் பாதியில் இரண்டு திறப்பையும் ஒரு ரிபனையும் வைத்தால், வழியில் கிடக்கும் அடுத்த திறப்பைப் பார்த்துக்கொண்டே திரும்பி நடக்கவேண்டியதுதான். அந்தத் திரும்பி நடக்கும் தூரத்துக்குள்தான் ஸோம்பி நிற்கும்.

நடப்பது பற்றியும் ஒரு சொல். மேல் பொத்தானை அழுத்தினால், கமெரா எங்கே நின்றாலும், ஆள் தன் முகம் பார்க்கும் பக்கம்தான் போவார். திரும்புவது கவச வாகனம் திரும்புவதுபோல. இதைப் பழித்து எழுதாத விமர்சகர் இல்லை. நான் மறுபக்கம். இந்த விளையாட்டில் கமெரா ஓரிடத்தில் நிலைத்திருக்கும், இரண்டு அடி வைத்தவுடன் வேறொரு மூலைக்குத் தாவும். திரையில் தெரியும் திசையை நம்பி ஓடினால், கமெரா தாவிய கணத்தில் கால் வந்த வழியே திரும்பிவிடும். மிகாமியின் முறையில் அது நடக்காது. அரை மணித்தியாலம் விரல் பழகினால், கமெரா எத்தனை தடவை மாறினாலும் ஓட்டம் தடைப்படாது. வேக ஓட்டக்காரர்கள் மூன்று மணித்தியாலத்தை இன்னும் சுருக்கியதும் இதே பொத்தான்களை வைத்துத்தான்.

இரண்டாவது பாகத்தை இயக்கியவர் ஹிடெக்கி கமியா. பாதிக்கு மேல் முடிந்திருந்த ஒரு முழு விளையாட்டையே தூக்கி எறிந்துவிட்டு, மீண்டும் தொடங்கி, 1998 ஜனவரியில் வெளியிட்டார்கள். அந்தத் துணிவு எத்தனை கம்பனிக்கு வரும்? இரண்டு சீடி, லியோன் ஒன்றில், கிளெயர் மற்றதில். ஒருவரின் ஆட்டம் முடிந்தபின் மற்றவர் அதே இரவை வேறு வழியால் கடக்கிறார். பொலிஸ் நிலையத்து ஆயுத அறையில் இயந்திரத் துப்பாக்கியும் பையை அகலமாக்கும் சிறு பையும் இருக்கும். முதல் சுற்றில் நீங்கள் எடுத்ததை இரண்டாவது சுற்றுக்கு வருபவர் காணமாட்டார். எங்கள் செற்றில் எல்லோரும் முதலில் இரண்டையும் அள்ளிக்கொண்டு போனவர்கள்தான்.

1999இல் வந்த மூன்றாவது பாகத்தை விரைவாகக் கடக்கலாம். நெமசிஸ் என்ற பூதம் கதவு தாண்டியும் துரத்துவான், அது அன்றைக்குப் புதுசு. அவனை விழுத்தினால் நல்ல துவக்கின் பாகங்கள் கிடைக்கும். விழுத்த எத்தனை குண்டு போகும், அது கட்டுமா என்ற பேரந்தான் அந்த ஆட்டம் முழுவதும்.

நான் நின்று பேச விரும்புவது 2002இல். மிகாமி தன் முதல் பாகத்தையே கேம்கியூப் இயந்திரத்துக்குத் திருப்பிச் செய்தார். அந்த இயந்திரத்தை எங்கள் பக்கம் கண்டவர் குறைவு. 2015இல் கணினிக்கு வந்தபிறகுதான் எனக்குக் கிடைத்தது. அதில் அவர் புதிதாக ஒரு விதியைச் சேர்த்தார். சுட்டு விழுத்திய ஸோம்பி பிணமாகக் கிடந்து, கொஞ்ச நேரம் கழித்துச் சிவந்த தலையோடு எழும்பும். எழும்பினால் ஓடும், நகம் கிழிக்கும். அது நடக்காமலிருக்கத் தலையைச் சிதறடிக்க வேண்டும், அல்லது உடலை மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்க வேண்டும். மண்ணெண்ணெய்க் குப்பியில் இரண்டு தடவைக்குத்தான் கொள்ளும். நிரப்பும் இடங்கள் சில, அங்கும் அளவாகத்தான் இருக்கும். குப்பிக்குப் பையில் ஓரிடம், ஜில் என்றால் லைட்டருக்கும் ஓரிடம்.

பாருங்கள், கேள்வியே மாறிவிட்டது. ‘சுடத் தோட்டா இருக்கிறதா’ என்று இருந்தது, ‘சுட்டால் பிறகு எரிக்க முடியுமா’ என்றாகிறது. அடிக்கடி போய்வரும் ஓடையில் நிற்பவனைக் கொன்று எரிக்கவேண்டும். ஒருமுறை மட்டும் போகும் அறையில் நிற்பவனை உயிரோடு விட்டு, சுற்றி ஓடவேண்டும். கொல்வது எப்போதும் நல்லது என்று மற்ற விளையாட்டுகள் பழக்கிய கைக்கு இது பிடிபட நாளாகும். வரைபடத்தை விரித்துவைத்து எந்த ஓடைக்கு எண்ணெய் என்று யோசித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைதான். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அதில் ஊறும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு விளக்கெரித்த வீடுகள் எங்களுடையவை. எந்த அறைக்கு விளக்கு, எத்தனை மணிக்கு அணைப்பது என்று அம்மா போட்ட கணக்கை ஒசாக்காவில் இருந்த மிகாமி எப்படிப் பிடித்தார் என்று தெரியவில்லை. தொடரின் ஆகச் சிறந்த ஆட்டம் எது என்று கேட்டால் நான் 2002ஐத்தான் சொல்வேன்.

பலரும் சொல்வது நாலாவது பாகம். 2005 ஜனவரியில் வந்தது, அதையும் மிகாமிதான் இயக்கினார். கமெராவை லியோனின் தோளுக்குப் பின்னால் கொண்டுவந்த அந்த ஒரு மாற்றத்தை அதற்குப் பின்வந்த துப்பாக்கி விளையாட்டுகளில் பாதி கடன் வாங்கிவிட்டன. சுவைக்கு நானும் குறை சொல்லமாட்டேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு தந்திரம் இருக்கிறது. நீங்கள் தடுமாறினால் விளையாட்டு எதிரிகளைச் சத்தமில்லாமல் இலகுவாக்கும், வெட்டி விளையாடினால் கடினமாக்கும். தோட்டாவும் தேவை பார்த்து விழும். விளையாடுபவருக்கு அலுக்காமல் இருக்க நல்ல யோசனைதான். ஆனால் நடுவரே ஓட்டம் சேர்த்துக் கொடுக்கும் போட்டியில் சிக்கனத்துக்கு என்ன மதிப்பு? 2007இல் கணினிக்கு வந்த பதிப்பில் மவுஸால் குறி வைக்கவும் வழியில்லை. ஏ-9 மறுபடி மூடி, இரவானால் ஊரடங்கு என்றிருந்த காலம் அது. விசைப்பலகையாலேயே அந்த ஆட்டத்தைக் கடந்த பெடியள் இங்கே உண்டு. அவர்களுக்குத்தான் நான் கிண்ணம் கொடுப்பேன்.

ஐந்தாவது பாகம் (2009) பல வருசம் தொடரில் அதிகம் விற்றதாக இருந்தது. பக்கத்தில் ஒரு துணை, கையில் நிறையக் குண்டு. ஆறாவது (2012) நாலு கதை, ஓயாத வெடி. இவை பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

2017 ஜனவரியில் வந்த ஏழாவது பாகம் வீட்டுக்குள் திரும்பி வந்தது. லூசியானாவில் ஒரு பழைய வீடு, உள்ளே பேக்கர் குடும்பம், ஆளின் கண்ணாலேயே பார்வை. பை மறுபடி சுருங்கியது. அதைவிட நான் மதிப்பது 2019இல் திருப்பிச் செய்த இரண்டாவது பாகத்தை. பொலிஸ் நிலையத்தில் துரத்தி வரும் மிஸ்டர் எக்ஸின் சப்பாத்துச் சத்தம் எந்த மாடியில் கேட்கிறது என்று காதால் அளந்துகொண்டு, எந்த யன்னலுக்குப் பலகை அடிப்பது என்று தீர்மானிக்கவேண்டும். தலையில் மூன்று வெடி வாங்கியும் ஸோம்பி எழும்புவான், அதனால் காலைச் சுட்டு விழுத்திவிட்டுத் தாண்டி ஓடுவதே பல இடங்களில் இலாபம்.

அதன் ‘ஹார்ட்கோர்’ முறையில் தானாகப் பதிவாகாது, பழையபடி ரிபன் வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை கறண்ட் நின்றபோது நான் அதைத்தான் விளையாடிக்கொண்டிருந்தேன். எழுத்து எழுத்தாகக் குழு பிரித்து வந்த மின்வெட்டு அட்டவணையைப் பார்த்தே ரிபனைப் பாவித்தேன். கறண்ட் போக இருபது நிமிடம் இருக்கும்போது புது ஓடைக்குள் போவதா, தட்டச்சு இயந்திரத்துக்குத் திரும்புவதா? எந்த வடிவமைப்பாளரும் எழுதாத அந்த விதி ஆட்டத்தை இன்னும் இறுக்கியது என்று சொன்னால் வீட்டார் அடிப்பார்கள், ஆனால் உண்மை.

2025 யூனில் அறிவித்த ‘ரெக்வியம்’ என்ற பாகம், அந்தப் பொலிஸ் நிலையம் இருந்த ரக்கூன் நகரத்துக்கே திரும்புகிறது. அதிலும் நான் முதலில் திறந்து பார்ப்பது பையைத்தான்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு: 2019இன் இரண்டாவது பாகத்தைச் சாதாரண நிலையில் ஒருமுறை முடியுங்கள். பிறகு 2002இன் முதல் பாகத்துக்கு வாருங்கள். கணினிப் பதிப்பில் இரண்டு விதமான நடையும் இருக்கிறது, பழையதையே தெரிவு செய்யுங்கள். ஜில்லை எடுங்கள், எட்டு இடமும் பூட்டுத் திறக்கும் கம்பியும் இருக்கும். கிறிஸைத் தொடுவதற்கு முன் எந்தெந்த ஓடையில் எரிக்கவேண்டும் என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.